சுவரும் வர்க்கமும்: பௌஹவுஸ் விடுகை மாணவரின் புடைவை, சுவர்த்தாள் ஆக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

கலை இலக்கியங்களை அவற்றின் சமூக அடித்தளத்தில் வைத்து ஆராயும் முறைமை நம்மிடையே வேரூன்றிப் பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. எனினும் அம்முறைமை பெரும்பாலும் எழுத்திலக்கியத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. நாவலும் கவிதையும் நாடகமும் பெற்ற கவனத்தை மனிதர் நாள்தோறும் வாழும் அறையின் சுவர்களும், திரைச்சீலைகளும், இருக்கை உறைகளும் பெறவில்லை. 'அலங்காரம்' என்றும் 'கைவேலை' என்றும் அவை ஒதுக்கப்பட்டன. உருவம், உள்ளடக்கம் பற்றி இத்துணை விவாதித்த நாம், உள்ளடக்கம் எதுவுமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு கோலத்தின் முன்னே வாயடைத்து நிற்கின்றோம். கதையில்லாத, உருவச் சித்திரிப்பு இல்லாத, கோடுகளும் நிறங்களும் மாத்திரமே கொண்ட ஒரு துணியின் வர்க்கச் சார்பை எவ்வாறு இனங்காண்பது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா இதுவேயாகும்.

ஜேர்மனிய இலக்கியத்தில் நெசவாளர் புதியவர் அல்லர். 1844இல் சிலேசிய நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வெழுச்சி ஹைனவின் கவிதைக்கும், ஹௌப்ற்மான் 1892இல் வெளியிட்ட நாடகத்திற்கும், அந்நாடகத்தால் உந்தப்பட்ட கேத்தே கொல்விற்ஸின் சித்திர வரிசைக்கும் பொருளாயிற்று. நெய்பவரின் பசியை இலக்கியம் இவ்வாறு பதிவுசெய்தது. ஆனால் நெய்யப்பட்ட துணியை ஒரு படைப்பாகக் கொண்டு அதன் சமூகப் பொருளை வினவும் பணி விமர்சகரால் நெடுங்காலம் மேற்கொள்ளப்படவில்லை. அதற்கு ஏற்றதொரு களமாக பௌஹவுஸ் கலாசாலையின் மாணவர் ஆக்கங்களை நாம் இங்கு தெரிந்துகொள்கின்றோம்.

2

வால்ற்றர் குறோப்பியஸ் 1919இல் வைமார் நகரில் நிறுவிய பௌஹவுஸ், 1925இல் டெஸ்ஸௌவுக்கு இடம்பெயர்ந்தது. 1932இல் அந்நகரசபையில் மேலோங்கியிருந்த நாசிகளின் முடிவினால் அங்கு மூடப்பட்டு, பேர்லினில் சிறிதுகாலம் இயங்கி, 1933இல் முற்றாகக் கலைந்தது. பதினான்கு ஆண்டுகளே நிலைத்த இந்நிறுவனத்தின் நோக்கம் கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் இடையிலான சுவரைத் தகர்ப்பதாகும். இந்நோக்கம் திடீரென முளைத்ததன்று. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் இதே வினாவோடு போராடியவர். சுவர்த்தாளும் அச்சுச் சீலையும் வரைந்த அவர், 1880களிற் சோசலிஸ்டானபோது, தமது அழகிய பொருள்களைச் செல்வர் மாத்திரமே வாங்க முடிகின்றது என்ற முரண்பாட்டை உணர்ந்து வேதனையுற்றார். அம்மரபின் ஒரு கிளை நம் நாட்டையும் தொட்டுள்ளது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலை மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 1908இல் அச்சிட்டு முடித்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மொறிஸும் குமாரசுவாமியும் இயந்திரத்துக்கு முந்திய உழைப்பின் முழுமையை நோக்கித் திரும்பினர். பௌஹவுஸோ, குறிப்பாக டெஸ்ஸௌக் காலத்தில், இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு அம்முழுமையைத் தேடிற்று. ஏற்ற இயந்திரம் யாருடையது என்பதே பின்னர் எழுந்த சிக்கலாகும்.

1928இல் இயக்குநர் பொறுப்பேற்ற சுவிற்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹன்னஸ் மேயர், ஆடம்பரத் தேவைக்கன்றி மக்களின் தேவைக்கே வடிவமைப்பு என்ற கொள்கையை முன்வைத்தார். அவர் காலத்தில் வெளிவந்த மாணவர் ஆக்கங்களுள் இரண்டு நமது வினாவுக்கு நேரடியாகப் பொருந்துவன. ஒன்று, தொழிற்சங்கக் கல்லூரி ஒன்றின் அரங்குக்கு நெய்யப்பட்ட சுவர்த்துணி. மற்றையது, பெருந்தொகையில் அச்சிடப்பட்ட சுவர்த்தாள்.

3

ஜேர்மனியத் தொழிற்சங்கப் பொதுச் சம்மேளனம் பேர்லினுக்கு அண்மையிலுள்ள பேர்னௌவில் தன் உறுப்பினர்க்கென ஒரு கல்லூரியை அமைத்தது. மேயரும் ஹன்ஸ் விற்வரும் வடிவமைத்த இக்கட்டடம் 1928க்கும் 1930க்கும் இடையில் எழுந்தது. 120 தொழிலாளர் தங்கிக் கற்பதற்கான இடம் அது. அதன் பேரரங்கில் எதிரொலி ஒரு சிக்கலாயிற்று. வழக்கமான தீர்வு சுவரில் வெல்வெற் துணியைப் பொருத்துவது. ஆனால் கைபட்டு அழுக்குறுவதால் வெல்வெற் கருநிறத்திலேயே அமைய வேண்டும். அரங்கோ இருண்டுவிடும். இச்சிக்கலுக்கு விடை கண்டவர் நெசவுக்கூடத்து மாணவி அன்னி அல்பேர்ஸ். துணியின் பின்புறத்தில் ஒலியை உறிஞ்சும் தடித்த செனில் நூலையும், முன்புறத்தில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் செலோபேனையும் இணைத்து அவர் நெய்தார். அதன் ஒளித்தெறிப்பு இயல்பை ஸைஸ் இக்கோன் நிறுவனம் பரிசோதித்தது. 1930இல் அவர் டிப்ளோமாப் பட்டம் பெறுவதற்கு இத்துணியே ஆதாரமாயிற்று.

இத்துணியில் மலரில்லை, கொடியில்லை, புராணமில்லை. 'கோலமற்ற துணி' என்று சிலர் கூறக்கூடும். ஆனால் கூர்ந்து நோக்கின் இரு இழைகளின் வேறுபாடே அதன் கோலம் என்பது புலனாகும். பயன்பாடு மேற்பரப்பின் கீழே மறைந்து கிடக்கவில்லை, மேற்பரப்பாகவே வெளிப்படுகின்றது. அதற்கும் மேலாக, அங்கே எந்த மனிதர் இருந்து கேட்கப்போகின்றனர் என்பது நெய்பவருக்குத் தெரிந்திருந்தது. ஆலையிலும் சுரங்கத்திலும் இரைச்சலுக்குப் பழகிய செவிகள் ஒரு சொற்பொழிவைத் தெளிவாகக் கேட்க வேண்டும். அரசியற் பொருளாதாரம் கற்கும் கண்களுக்கு வெளிச்சம் வேண்டும். தொழிலாளியின் உருவத்தை வரையாமலே தொழிலாளியை மனங்கொண்ட ஆக்கம் இது. உள்ளடக்கம் என்பது சித்திரிக்கப்பட்ட பொருள் மாத்திரமே எனக் கருதும் விமர்சனம் இத்துணியின் முன் தோற்றுப்போகும்.

அல்பேர்ஸ் பேர்லினின் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தளபாட உற்பத்தியாளர் ஒருவரின் மகள். படைப்பாளியின் வர்க்கப் பிறப்பை மாத்திரம் கொண்டு படைப்பின் சார்பை அளந்துவிட முடியாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. யாருக்கு, எந்த நிறுவனத்தினூடாக, எத்தேவையின் பொருட்டு என்ற உறவுகளே இத்துணிக்கு அதன் முற்போக்குப் பண்பை அளித்தன.

அவ்வுறவுகள் மாறியபோது நேர்ந்ததையும் நாம் மறைத்தல் ஆகாது. மேயர் தம் மார்க்சியச் சார்பின் காரணமாக 1930 ஓகஸ்ற்றில் பதவிநீக்கம் செய்யப்பட்டு மொஸ்கோ சென்றார். 1933 மே மாதத்தில் நாசிகள் தொழிற்சங்கங்களை நசுக்கினர். பேர்னௌக் கல்லூரி அவர்களது பயிற்சிக்கூடமாயிற்று. தொழிலாளர் செவிக்கென ஒலிசீரமைக்கப்பட்ட அரங்கு, அவர்களை அழித்தோரின் குரலுக்கும் உரியதாயிற்று. நல்ல வடிவம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை.

4

இரண்டாவது ஆக்கம் சுவர்த்தாள். 1929இல் மாணவரிடையே போட்டியொன்று நடத்தப்பட்டது. தெரிவான கோலங்களை றாஷ் எனும் சுவர்த்தாள் நிறுவனம் உற்பத்திசெய்தது. 1930இல் வெளிவந்த முதற் தொகுதியில் 14 கோலங்களும் 145 நிற வேறுபாடுகளும் இருந்தன. நுண்ணிய கோடுகள், கட்டங்கள், ஒரே நிறத்தின் இரு சாயல்கள் என்பனவே அவற்றின் இயல்பு. பெரிய மலர்க்கோலங்களை ஒட்டும்போது ஒரு தாளின் மலர் அடுத்த தாளின் மலரோடு பொருந்த வேண்டும். அதனாற் தாள் வீணாகும். இச்சிறு கோலங்களுக்கோ அவ்விடர் இல்லை. சிறிய அறையையும் அவை நெருக்குவதில்லை. டெஸ்ஸௌ–டோர்ட்டனில் மேயரும் மாணவரும் 1930இல் அமைத்த 90 தொழிலாளர் குடிமனைகளுக்குப் பின்னிருந்த சிந்தனையே இத்தாளுக்குப் பின்னும் இருந்தது.

பௌஹவுஸின் உற்பத்திகளுள் வணிகத்திற் பெருவெற்றி பெற்றது இச்சுவர்த்தாளே. மலிவு, எளிமை, பெருந்தொகை உற்பத்தி ஆகிய மூன்றும் மக்களின் தேவை என்ற கோட்பாட்டைச் செயற்படுத்தியமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வரைந்த மாணவரின் பெயர் தாளிற் பொறிக்கப்படவில்லை. 'பௌஹவுஸ்' என்ற ஒற்றைப் பெயரே சந்தைக்குச் சென்றது. கூட்டுப் படைப்பின் உயர்ந்த இலட்சியமாக இது முதலிற் தோன்றும். தனிமனித மேதை என்ற பூர்சுவாத் தொன்மத்தை மறுப்பதாகவும் தோன்றும். எனினும் கூட்டின் பெயர் கூட்டின் உடைமையாக நீடிக்கவில்லை. கலாசாலை 1933இல் மூடப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் நாடுகடந்தனர். சுவர்த்தாளின் உற்பத்தியோ நாசி ஆட்சியின்கீழும் தொடர்ந்தது. படைப்பாளர் துரத்தப்பட்ட பின்னரும் அவர்களது பெயர் வணிகக் குறியாக உயிர்வாழ்ந்தது. பண்டத்தின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் எழுதியதை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. உழைப்பின் உறவுகள் தாளின் மென்மையான மேற்பரப்பின் பின்னே முற்றாக மறைந்துவிட்டன.

5

இங்கு பெண்களின் நிலை தனித்து நோக்கற்பாலது. பால்வேறுபாடின்றி யாவரையும் சேர்ப்பதாகவே பௌஹவுஸ் தொடக்கத்தில் அறிவித்தது. பெருந்தொகையாகப் பெண்கள் விண்ணப்பித்தபோது அவர்கள் நெசவுக்கூடத்தை நோக்கித் திருப்பப்பட்டனர். அல்பேர்ஸும் முதலில் விரும்பி அங்கு செல்லவில்லை. முற்போக்கு நிறுவனமொன்றின் உள்ளேயும் பழைய வேலைப்பிரிவினை மீளுற்பத்தியாயிற்று. மேயரின் காலமும் இப்பிரிவினையைத் தகர்க்கவில்லை. மக்களின் தேவை பற்றிப் பேசிய கோட்பாடு, அம்மக்களுட் பாதியினரை எந்தத் தறியில் இருத்தியது என்பதை வினவ மறந்தது. மார்க்சிய நோக்கில் இது சிறு குறையன்று.

ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்தையே அப்பெண்கள் ஆய்வுகூடமாக மாற்றினர். மாணவியாகச் சேர்ந்து 1927இல் நெசவுக்கூடத்தின் தலைமையை ஏற்ற குண்டா ஷ்டோல்ஸல், அதனைக் கைத்தொழிலுக்கு மாதிரிகள் ஆக்கும் இடமாக வளர்த்தார். யூதர் ஒருவரை மணந்தமையால் தன் ஜேர்மனியக் குடியுரிமையை இழந்த அவர், உள்ளும் புறமும் எழுந்த அழுத்தத்தால் 1931இல் வெளியேறி சூரிச் சென்றார்.

அவரிடம் பயின்று 1930இல் டிப்ளோமா பெற்ற ஒட்டி பேர்கரின் வரலாறு நம் வினாவை அதன் கூர்மையான முனைக்குக் கொண்டுவருகின்றது. துணியைக் கண்ணால் மாத்திரமன்றிக் கையாலும் அறிய வேண்டும், அறையின் வெளியோடு அது கொள்ளும் உறவே அதன் பொருள் என்று அவர் எழுதினார். அவருக்குச் செவிப்புலன் குறைவாயிருந்தமையே தொடுவுணர்வை அவர் வலியுறுத்தியதற்குக் காரணம் எனச் சிலர் விளக்குவர். இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அது கோட்பாட்டை உடற்குறையாகச் சுருக்கிவிடுகின்றது. பார்வைக்கு மாத்திரம் உரிய கோலம் காட்சிச்சாளரத்துப் பண்டமாகும். தொட்டுப் பயன்படுத்தப்படும் துணியோ வாழ்வின் பொருளாகும். அவர் இனங்கண்ட வேறுபாடு இதுவே என நாம் கருதுகின்றோம்.

பேர்கர் தம் ஆக்கங்களுக்குத் தம் பெயரைக் கோரினார். தளபாடத் துணி ஒன்றின் இரட்டை நெசவுக்கு ஆக்கவுரிமை பெற்றார். நிறுவனங்களுடன் செய்த உடன்படிக்கைகளில் தம் பெயரின் முதலெழுத்துக்களேனும் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தினார். இதனைத் தனிமனித வாதமெனக் கண்டிப்பது அவசர முடிவாகும். சுவர்த்தாளின் அனுபவத்தை மனங்கொள்ளின், பெயரைக் கோருவது உழைப்பை மறைக்கும் பண்ட உறவுக்கு எதிரான ஒரு நடவடிக்கை என்பது விளங்கும். உற்பத்திச் சாதனங்கள் கூட்டுடைமையாகாத ஒரு சமூகத்திற் பெயரின்மை உழைப்பவரின் கூட்டுணர்வுக்குப் பயன்படுவதிலும் பார்க்க முதலாளியின் வசதிக்கே பெரிதும் பயன்படுகின்றது. யூதர் என்பதனால் 1936இல் அவருக்குத் தொழில் தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்தில் நிலைகொள்ள முயன்று இயலாது, நோயுற்ற தாயைப் பார்க்க 1938இல் யூகோசிலாவியா திரும்பினார். 1944இல் அவுஷ்விற்ஸ் வதைமுகாமிற் கொல்லப்பட்டார். பெயரற்ற சுவர்த்தாள் சந்தையிற் தொடர்ந்து விற்றது. பெயர் கேட்ட நெசவாளர் வாழ விடப்படவில்லை.

6

இவ்வாய்விலிருந்து நாம் பெறும் முடிபு யாது? அலங்காரம் பிற்போக்கானது, வெறுமை முற்போக்கானது என்ற எளிய சமன்பாடு நிலைக்காது. செலோபேன் சுவர்த்துணியும் நுண்கோட்டுச் சுவர்த்தாளும் ஒரே அழகியலைச் சார்ந்தவை. ஒரே ஆண்டுகளில், ஒரே கூரையின்கீழ் உருவானவை. அவற்றின் சமூகப் பயணமோ வெவ்வேறாயிற்று. அப்பயணத்தை நிர்ணயித்தது கோலமன்று. கோலம் இயங்கிய உற்பத்தி உறவுகளே. இதனைக் கூறுவதனாற் கோலத்தை நுணுகி ஆராயும் பொறுப்பிலிருந்து நாம் விடுபட்டுவிடவும் முடியாது. இழையை அறியாத விமர்சகர் அத்துணியின் பின்புறத்தில் ஒலியும் முன்புறத்தில் ஒளியும் ஆளப்பட்டமையை அறியார். அதனை அறியாதவர் அதன் சமூகப் பொருளையும் அறியார்.

வடிவமைப்புக் கல்வி இன்று எம் நாட்டிலும் பல்கலைக்கழக மட்டத்திற் பயிலப்படுகின்றது. விடுகை மாணவர் உள்ளக அறைகளுக்கென ஆக்கும் கோலங்களும் புடைவைகளும் ஆண்டுதோறும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அவற்றின் முன் நிற்கும்போது நிறப்பொருத்தத்தையும் மரபுச் சின்னங்களின் கையாளலையும் பாராட்டி நகர்ந்துவிடுதல் எளிது. மாணவரிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. இத்துணி யாருடைய அறைக்கு? அதனை நெய்யப்போகும் கைகள் எவை, அவற்றுக்குக் கிடைக்கும் கூலி யாது? ஆக்கியவரின் பெயர் எங்கே நிற்கும், அப்பெயரின் பயன் யாரைச் சேரும்? இவ்வினாக்களைத் தறியின் முன் அமரும்போதே தம்முட் கேட்டுக்கொள்ளும் மாணவர் தலைமுறையொன்று உருவாகுமாயின், பேர்னௌ அரங்கின் சுவரிற் தொடங்கிய பணி வீண்போகவில்லை எனலாம்.