இருபத்து நால்வர் அமர்ந்த பாறை

திண்டிவனத்தில் செஞ்சிப் பேருந்து ஏறுகிற யாரைக் கண்டாலும் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது: கோட்டைக்குப் பிறகு போகலாம், முதலில் திருநாதர்குன்றுக்குப் போங்கள்! 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை எங்கும் போய்விடாது. அதற்கு வடக்கே, சிறுகடம்பூர்ப் பக்கம் நிற்கும் இந்தச் சின்னக் குன்றைத்தான் ஆண்டுக்கணக்காகத் தவறவிட்டிருந்தேன்.

மல்லாட்டைக் கொல்லைகளைத் தாண்டி ஏறினேன். மேலே வந்ததும் மூச்சு நின்றது, ஏற்றத்தால் அல்ல. எதிரே ஒரு பெரிய குண்டுப்பாறை. அதன் நெற்றியில் இரண்டு வரிசையாக, மேலே பன்னிருவர், கீழே பன்னிருவர், சமணத் தீர்த்தங்கரர்கள் தியானத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கூரை இல்லை, மண்டபம் இல்லை, மேலே வானம் மட்டும்!

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருக்கிற மண்டகப்பட்டுக் குடைவரையையும் எனக்கு நிரம்பப் பிடிக்கும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுப்பித்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொள்கிறான். அந்தப் பெருமை தகும். ஆனால் அவன் பாறையைக் குடைந்து உள்ளே ஓர் அறை செய்தான். இங்கே வந்த சிற்பி பாறையைப் பாறையாகவே விட்டுவிட்டான். அதன் பருமன், வளைவு, குன்றின் உச்சியில் அது உட்கார்ந்திருக்கும் தோரணை, ஒன்றையும் மாற்றவில்லை. இருபத்து நால்வருக்கு இடம் கேட்டு, தோலளவு மட்டும் செதுக்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறான். இந்தச் சிற்பத்தைப் பெயர்த்து எந்த அருங்காட்சியகத்தில் வைத்தாலும் பாதி செத்துவிடும். மீதிப் பாதி இந்தக் காற்றும் வெயிலும், தூரத்தில் தெரியும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையும்தான்.

இந்தச் சிற்பங்கள் வெட்டப்படுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இந்தக் குன்று புனிதமாகிவிட்டது. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடம், இது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தது. அதில் ‘ஐம்பத்தேழு’ என்பதன் தொடக்கத்தில் நிற்கும் ‘ஐ’, கல்லில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய ஐகளில் ஒன்று. முப்பது நாள் நோன்பிருந்த இளைய பட்டாரருக்கும் இங்கே ஒரு கல்வெட்டு உண்டு. ஐம்பத்தேழு நாள்! இதே வெயிலில், நிழல் தேட மரம்கூட அதிகமில்லாத இந்தக் கல்மேட்டில்! எதிரே அமர்ந்திருப்பவர்களின் முகத்தில் இருக்கும் அந்த அமைதியை அப்புறம்தான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணிப் பாத்தியா தம்பி?" என்றார்.

"பாத்தேன் பாட்டி. இருவத்தி நாலு."

"சாயங்காலமா ஒருதரம் எண்ணு. அப்பதான் மொகம் தெரியும்."

இருந்தேன். வெயில் சாயச் சாயக் கண்ணிமைகளின் கீழ் நிழல் கட்டியது. காதுகள், தோள்கள், மடிமேல் வைத்த கைகள் ஒவ்வொன்றாகக் கல்லிலிருந்து எழுந்து வந்தன. நண்பகலில் வரிசையாகத் தெரிந்தவர்கள் இப்போது தனித்தனி ஆட்கள். கடைசிப் பேருந்தை விட்டேன், கவலையே இல்லை.

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துப் போகிறேன். அவருக்கு முட்டிவலி. ஏற ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், சாயங்காலத்துக்குள் மேலே இருந்தால் போதும்.