இரண்டாம் தடவை குனிந்தது

லண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடத்தில் பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த சிறிய ஓவியமொன்று இருக்கிறது. அகலம் 34 சென்ரிமீற்றர்தான். முழுவதும் சாம்பல் நிறம். விபசாரத்தில் பிடிபட்டவளென்று இழுத்துவரப்பட்ட பெண் நிற்கிறாள். இயேசு குனிந்து விரலால் நிலத்தில் எழுதுகிறார். கற்கள் கீழே கிடக்கின்றன.

புரூகல் ஓரிடத்தில் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் எண்ணம். நிலத்தில் டச்சு மொழியில் சொற்களைத் தீட்டியிருக்கிறார்: முதற்கல் பற்றிய அந்தப் பிரசித்தமான பதிலின் தொடக்கம். ஆனால் யோவான் 8ஆம் அதிகாரம் இயேசு என்ன எழுதினார் என்று சொல்லவே இல்லை. அந்தப் பதிலை அவர் நிமிர்ந்து, வாயால்தான் சொன்னார். நமது பிரசங்கிமாருக்கும் இந்த வெற்றிடம் பொறுக்காது. குற்றம்சாட்டியவர்களின் பாவங்களைத்தான் எழுதினார் என்பார்கள். அப்படியென்றால் அதுவும் ஒரு கல்தானே?

எனக்குப் பெரிதாகப் படுவது, பதில் சொன்ன பின் அவர் மறுபடியும் குனிந்ததுதான். மூத்தவர்கள் தொடங்கி ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். வாதத்தில் வென்றவன் தோற்றவனின் முகத்தைப் பார்க்காமல் விடமாட்டான். இவர் மண்ணைப் பார்க்கிறார். அவமானப்பட்டுப் போகிறவர்களையும் கூச்சமின்றிப் போகவிடுகிறார். புரூகலின் படத்தில் பின்னால் சிலர் திரும்பிப் போவது தெரிகிறது. இயேசுவின் தலை நிமிரவில்லை. டச்சு எழுத்துகளை இதற்காக மன்னிக்கலாம்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் சபைக் கூட்டமொன்றில், கணவனை விட்டு வந்த ஒரு பிள்ளையை ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்க விடலாமா என்று கேட்டார்கள். வேண்டாமென்று கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அவளுடைய தாய் பின்வரிசையில் இருந்தார் என்பது பிறகுதான் தெரியும்.

பிரித்தானிய நூலகத்திலுள்ள 4ஆம் நூற்றாண்டுச் சீனாய்ப் பிரதியில் இந்தக் கதை இல்லை. பின்னால் சேர்ந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மகளுக்குச் சொன்னேன்.

"அப்ப இது நடக்கேல்லையா, அப்பா?"

"தெரியாது. ஆனால் ஆரோ இதைத் தொலைய விடாமல் வைச்சிருந்திருக்கினம்."

படத்தின் முன் நின்றபடி சபைக் கூட்டத்தையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அந்த அக்கா இப்ப எங்கே?"

ரொறன்ரோவில் என்று கேள்வி. விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.