மேடைக்கு வராத மதம்

ஒரு நாடகத்தை எடைபோட முனைவோர், அது எதைக் காட்டிற்று என்பதோடு எதைக் காட்டாது விட்டது என்பதையும் கேட்டாக வேண்டும். அயர்லாந்து நாட்டு ஆசிரியர் பிரையன் பிரீல் தீட்டிய ‘மொழிபெயர்ப்புகள்’ என்னும் நாடகத்தை இவ்விரு கேள்விகளோடும் அணுகுகிறோம்.

1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், வட அயர்லாந்தின் டெரி நகர மண்டபத்தில் அது அரங்கேறியது. அந்த ஊரின் பெயரே ஒரு வழக்கு! ஒரு சாரார் டெரி என்பர்; மறு சாரார் லண்டன்டெரி என்பர். ஓக் மரச்சோலை எனப் பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயருக்கு முன்னால், 1613-இல் வந்த அரச பட்டயம் லண்டனைக் கொண்டுவந்து ஒட்டிற்று. அன்று முதல், ஒருவன் தன் ஊரின் பெயரைச் சொன்னாலே போதும். அவன் கத்தோலிக்கனா, புராட்டஸ்டண்டா என்று கேட்பவன் கணக்குப் போட்டுவிடுவான். 1972 சனவரி 30 அன்று, உரிமை கேட்டு ஊர்வலம் வந்தோரில் பதின்மூவர் படையினரின் குண்டுகளுக்கு அன்றே பலியானதும் இந்த ஊரில்தான். அந்த இரத்தக் கறை காயாத நகரில், இரு சாராரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து இந்நாடகத்தைக் கண்டனர். மண்ணின் மைந்தர் மொழி இழந்த கதையைக் கண்டு, பிரிட்டனோடு இணைந்திருக்க விழையும் கட்சியைச் சார்ந்த நகரத் தலைவரும் எழுந்து நின்று கைதட்டினார். கலை செய்ய வல்ல காரியம் இது, மறுப்பார் எவருமிலர்.

கதை நிகழும் ஆண்டு 1833. இடம் டோனகல் மாவட்டத்துச் சிற்றூர். கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாகாது என்று 1695-இல் சட்டம் தடுத்ததால் வேலியோரங்களிலும் கொட்டில்களிலும் வளர்ந்த பள்ளிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. ஆசான் ஹியூ, இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கிறார். நில அளவைக்காக வெள்ளைப் படையினர் வருகின்றனர். அவர்களுக்குத் துபாஷியாக வருபவன் வேற்றான் அல்லன். ஆசானின் மகன் ஓவன். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கி ஏட்டில் எழுதுகிறான். அவன் பெயரையே ‘ரோலண்ட்’ என்று தவறாக அழைக்கின்றனர். பெயர்தானே என்று பேசாதிருக்கிறான். தன் பெயர் திரிவதைப் பொறுத்தவன், தன் மண்ணின் பெயர் திரிவதற்கும் கைகொடுத்தான்! ஆதிக்கம் எப்போதும் வாளோடு மட்டும் வருவதில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள எழுதுகோலாகவும் வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாடகங்கள் சிலவே.

மேடையில் பேசப்படுவது ஆங்கிலமே. ஆயினும் ஊரார் ஐரிஷ் பேசுகின்றனர் என்று நாம் கொள்ள வேண்டும். இழந்த மொழியின் கதையை, அதை விழுங்கிய மொழியில் சொல்ல வேண்டிய நிலை! இது வெறும் உத்தியன்று. வரலாறு வழங்கிய தீர்ப்பு. 1851-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் ஐரிஷ் அறிந்திருந்தனர். 1901-இல் அத்தொகை 6.4 இலட்சமாகச் சுருங்கிற்று.

இனி நம் குறைகள்.

முதற்குறை: நாடகம் நில அளவைக்காரனைக் கூண்டிலேற்றி, மற்றவரை ஏறக்குறைய விடுவித்துவிடுகிறது. ஊர்ப் பெயர்கள் அதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆங்கில எழுத்தில் திரிந்து வந்தன. நில அளவையில் பணியாற்றிய ஜான் ஓ’டோனவன் என்னும் ஐரிஷ் அறிஞர், பழம் பெயர்களையும் அவற்றின் பொருளையும் அரும்பாடுபட்டுத் திரட்டி வைத்தவர். மொழியைச் சாய்த்த பெருங்கோடரிகள் வேறு: 1831-இல் தொடங்கிய ஆங்கிலவழி அரசுப் பள்ளி, 1845-இல் தொடங்கிப் பத்து இலட்சம் பேரைக் கொன்று, மேலும் பத்து இலட்சம் பேரைக் கடல் கடக்கச் செய்த கொடும் பஞ்சம். புதிய பள்ளியையும் பயிர் நோயையும் பற்றிய பேச்சு நாடகத்தில் வருகிறது. ஆனால் நெஞ்சில் நிற்பதென்னவோ, வரைபடம்தான்.

இரண்டாம் குறையே பெரியது. எந்த மதப் பிளவு டெரி நகரை இரு கூறாக்கிற்றோ, அந்த மதம் இந்நாடகத்தில் கதையை இயக்கும் ஆற்றலாக எங்கும் வரவில்லை. ஊரார் ஒருபுறம், படையினர் மறுபுறம். 1609-இல் தொடங்கிய குடியேற்றத்தால் அல்ஸ்டர் மண்ணில் வேரூன்றிய புராட்டஸ்டண்டு உழவனுக்கு இந்தப் பள்ளியில் ஒரு பலகையும் இல்லை. ஐரிஷ் மொழி ஒரு சாராரின் தனிச்சொத்து என்ற எண்ணத்தோடு காண்போர் வீடு திரும்பக்கூடும். உண்மை அதுவா?

1791-இல் பெல்பாஸ்ட் நகரில் மத வேறுபாடு கடந்து ‘ஐக்கிய ஐரிஷ்காரர்’ சங்கம் கண்டவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டீரியர். 1808-இல் ஐரிஷ் மொழிக்கு இலக்கணம் வெளியிட்ட வில்லியம் நீல்சன், பிரெஸ்பிட்டீரியப் போதகர். 1893-இல் மொழி மீட்புக்கெனக் கேலிக் கழகம் கண்டு அதன் தலைவரான டக்ளஸ் ஹைட், புராட்டஸ்டண்டுப் போதகரின் மகன்; 1938-இல் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானவரும் அவரே. அந்த அல்ஸ்டரின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814-இல் பிறந்த கால்டுவெல், மதம் பரப்பவே இங்கு வந்தார். எனினும் 1856-இல் அவர் தந்த ஒப்பிலக்கணத்தை, மதம் விசாரித்தா நாம் ஏற்றோம்? மொழி, கற்பவர்க்கெல்லாம் திறக்கும் கதவு. அதைச் சுவராக்கியது மதமும், மதத்தை வைத்துப் பிழைத்த அரசியலுமே!

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தவர் ஒரு பக்கத்தார் மட்டுமல்லர். 1937-இல் விடுதலை பெற்ற தென்னயர்லாந்து இயற்றிய அரசமைப்பு, ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்றது. அதே ஏடு கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனிச்சிறப்பும் வழங்கிற்று. மொழியையும் மதத்தையும் ஒரே அரியணையில் அமர்த்தினால், வடக்கே இருந்த புராட்டஸ்டண்டு அந்த மொழியைப் போப்பாண்டவரின் மொழியென்று அஞ்சியதில் வியப்பென்ன? திருச்சபையின் தனிச்சிறப்பை மக்கள் 1972-இல் வாக்களித்து நீக்கினர். ஆனால் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தென்னயர்லாந்தில் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. அரியணை தந்தனர், அடுப்பங்கரையில் இடம் தரவில்லை.

வட அயர்லாந்தில் ஒரு வேடிக்கை வழங்குகிறது. தான் நாத்திகன் என்று ஒருவன் சொன்னானாம். “சரி, நீ கத்தோலிக்க நாத்திகனா, புராட்டஸ்டண்டு நாத்திகனா?” என்று திருப்பிக் கேட்டார்களாம்! சிரித்துவிட்டு மறக்கத்தக்கதன்று. 2021-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் மதமில்லை என்றோர் நூற்றுக்கு 17 பேருக்கு மேல். அவர்களிடமும், “எந்த மதத்தில் வளர்க்கப்பட்டாய்?” என்ற கேள்வி கேட்கப்பட்டது. கடவுளைக் கைவிட்டாலும் கடவுளின் பெயரால் ஒட்டப்பட்ட முத்திரை கைவிடுவதில்லை. அங்கே மதம், நம்பிக்கையாக இருந்ததைக் காட்டிலும் இனக்குறியாகவே வேலை செய்தது. நிலமும் வேலையும் வாக்கும் யாருக்கு என்பதை அக்குறி தீர்மானித்தது. 3,500-க்கும் மேற்பட்ட உயிர்கள் அதற்கு விலையாயின.

1998-ஆம் ஆண்டு உடன்பாடு, ஒருவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம் என ஏற்றது. 2022-இல் ஐரிஷ் மொழிக்கு வட அயர்லாந்தில் சட்ட ஏற்பும் கிடைத்தது. இன்று கிழக்குப் பெல்பாஸ்டின் புராட்டஸ்டண்டுத் தெருக்களிலேயே ஐரிஷ் வகுப்புகள் நடக்கின்றன. பிரீலின் பள்ளியில் பலகை பெறாதவர்கள், தாமே பலகை கொண்டுவந்து அமர்ந்துவிட்டனர்!

ஆகவே, இளைஞர்களே, இந்நாடகத்தைப் படியுங்கள். பெயரைப் பறிகொடுப்பது நிலத்தைப் பறிகொடுப்பதன் முதற்படி என்ற பாடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர். மொழி காக்க எழுவோர், அதை எந்த மதத்தின் மடியிலும் கிடத்தலாகாது. கிடத்தினால் பாதி மக்களை நாமே வெளியே நிறுத்தியவராவோம். பிரீல் எழுதாது விட்ட அந்த அங்கத்தையும் சேர்த்துப் படிப்பதே பகுத்தறிவாளர் கடன்.