ஒன்பதாவது விடை

விடை எட்டு வகைப்படும் என்று நன்னூலார் வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேர்நின்று இறுப்பன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடை பயப்பன. ‘ஆடுவாயா?’ என்றவனுக்குப் ‘பாடுவேன்’ என்று சொன்னால், ஆடமாட்டான் என்பது பெறப்படும்.

ஈச்சிலம்பற்றில் பதினோராந் தரத்து மாணவருக்கு இப்பகுதியை நாம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, களப்பில் வலைவீசும் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். முதல்நாளிரவு தொலைக்காட்சியில் ஒரு கம்பனித் தலைவரின் பேட்டியைப் பார்த்தானாம். தொழிலாளருக்குச் சம்பளம் எப்போது கூடும் என்று கேட்டார்களாம். நாட்டின் முன்னேற்றத்தில் தமது நிறுவனம் கொண்டுள்ள பற்றைப்பற்றி அவர் பேசினாராம். “சேர், அது எட்டில எது?” என்றான்.

எட்டில் எதுவும் அன்று. இனமொழி போலத் தோன்றும். ஆனால் பாடுவேன் என்றவனிடமிருந்து நமக்கு ஒரு செய்தி கிடைக்கிறது, இவரிடமிருந்து ஒன்றுமே கிடைக்கவில்லை. ஊருக்கு வழி கேட்டவனுக்குத் தன் காளையின் விலையைச் சொன்னவனை நம் இலக்கண ஆசிரியர்கள் விடைவழுவுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தினார்கள். அவன் பேதைமையால் வழுவினான். பேட்டி கொடுத்தவரோ, பெரும்பாலும், பணங் கொடுத்துப் பயின்று வழுவியவர்.

இப்பயிற்சி இன்று உலகெங்கும் ஒரு தொழில். பத்திரிகைத் துறையிலிருந்து விலகியவர்களே பெரும்பாலும் ஆசிரியர்கள். கம்பனிகளின் உயர் அதிகாரிகள் மாணவர்கள். விளக்கும் கமராவும் வைத்துப் போலிப் பேட்டி ஒன்று நடத்தப்படும். கடுமையான கேள்விகள் கேட்கப்படும். பின்னர் ஒளிப்பதிவைப் போட்டுக்காட்டி, எங்கே தடுமாறினீர்கள், எங்கே கண் தாழ்ந்தது என்று திருத்துவார்கள். சொல்ல விரும்பும் செய்தி மூன்றுக்கு மேற்படலாகாது. கேள்வியிலுள்ள கடுஞ்சொல்லை விடையில் திருப்பிச் சொல்லலாகாது. ‘விஷம்’ என்று கேட்டால் ‘விஷம் இல்லை’ என்பதுகூடப் பிழை. ‘கருத்துக் கூற விரும்பவில்லை’ என்பதும் ஆகாது. அது குற்றவாளியின் மௌனம்போல ஒலிக்கும். ‘நல்ல கேள்வி, ஆனால் இங்கு முக்கியமானது யாதெனில்...’ என்று ஒரு பாலம் போட்டு, கேள்வியின் கரையிலிருந்து தன் செய்தியின் கரைக்குக் கடந்துவிட வேண்டும். துயரச் செய்தியாயின் முதலில் இரக்கம், அடுத்து எடுக்கும் நடவடிக்கை, இறுதியில் ஆறுதல். இந்த வரிசை மாறலாகாது.

இதன் மூலத்தை அமெரிக்காவில் காணலாம். 1914 ஏப்பிரல் 20ஆந் திகதி, கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளரின் கூடார முகாம் ஆயுதப் படையினரால் தாக்கப்பட்டு எரிந்தது. கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த பதினொரு குழந்தைகளும் இரண்டு பெண்களும் மூச்சுமுட்டி மாண்டனர். சுரங்கக் கம்பனியில் பெரும் பங்கு றொக்பெல்லர் குடும்பத்துடையது. அக்குடும்பம் ஐவி லீ என்பவரை அமர்த்தியது. அவர் கம்பனியின் தரப்பைச் ‘செய்தி’யாக்கி நாடெங்கும் அனுப்பினார். தமக்குக் கிடைத்த தகவல்களைச் சரிபார்க்கவில்லை என்று பின்னர் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 1915இல் இளைய றொக்பெல்லர் கொலராடோவுக்குச் சென்று, சுரங்கத் தொழிலாளரோடு உண்டு, அவர்தம் மனைவியரோடு நடனமும் ஆடினார். கல்லறைகளின் மேல் புல் நன்றாக முளைத்திராத காலம் அது.

நிற்க. நம் கடலுக்கு வருவோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலக் கப்பல் தீப்பற்றி, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலமும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகளும் இருந்தன. அமிலம் கசிவது முன்னரே தெரிந்திருந்தது. கட்டாரிலும் இந்தியாவிலும் அந்தக் கொள்கலத்தை இறக்க இடம் கிடைக்கவில்லை. நீர்கொழும்புக் கரையில் மணிகள் வெண்பனிபோல் குவிந்தன. ஆமைகள் செத்து ஒதுங்கின. கடற்றொழிலாளரின் வலைகள் கரையிலேயே கிடந்தன.

சிங்கப்பூரிலுள்ள அக்கம்பனியின் தலைவர் ஷ்முவேல் யோஸ்கோவிட்ஸ் ஜூன் மாதத்தில் தொலைக்காட்சியில் தோன்றி, இலங்கை மக்களின் வாழ்வாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ‘இச்சம்பவம்’ விளைத்த தீங்குக்காக ஆழ்ந்த வருத்தமும் மன்னிப்பும் தெரிவித்தார். மரியாதையான சொற்கள், அவர் பயின்றாரோ இல்லையோ, பயிற்சிப் பாடத்துக்கு இயைந்த சொற்கள். இலக்கணம் கற்ற மாணவன் எழுவாயைத் தேடட்டும். தீங்கு செய்தது யார்? சம்பவம். கம்பனி அங்கே வருந்துகிறது, செய்யவில்லை. செய்த வினைக்குக் கருத்தா இல்லாமல், வருந்துவதற்கு மட்டும் கருத்தா இருக்கும் வாக்கியம் இது.

2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. செப்டெம்பரில் அதே தலைவர் ஏ.எவ்.பி. செய்தி நிறுவனத்துக்குக் கூறிய விடை மிகத் தெளிவானது: செலுத்தமாட்டோம், பொறுப்புக்கு வரம்பிடுவதே கடல் வாணிபத்தின் அடிப்படை என்றார். இது பாலமுமன்று, பூச்சுமன்று. நன்னூலார் சொன்ன மறை விடை, செவ்வன் இறை. பணப்பையைத் தொட்டவுடன் வாக்கியத்துக்கு எழுவாய் வந்துவிட்டது!

இப்பயிற்சி வகுப்புகளில் தவறுக்கு உதாரணமாகக் காட்டப்படுபவர் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பனியான பீ.பீ.யின் தலைவராயிருந்த ரோனி ஹெய்வேட். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்த் தளம் வெடித்துப் பதினொரு தொழிலாளர் இறந்தனர். மே இறுதியில் அவர், தமக்குத் தம் பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று வாய்தவறிச் சொன்னார். உலகமே சீறியது, அவ்வாண்டிலேயே பதவியும் போயிற்று. நமக்கோ அவர் அக்காலத்தில் பேசியவற்றுள் அதுவே உண்மைமிக்க வாக்கியமாகப் படுகிறது. ஒரு வர்க்கத்தின் மனம் ஒரு கணம் பூச்சின்றி வெளியே தெரிந்தது. பயிற்சியாளர் அதைத் தவறு என்று கற்பிப்பது, இனி அந்த மனம் தெரியாதிருக்க.

கமராவின்முன் பேசப் பயில்வதே குற்றம் என்று நாம் சொல்லவரவில்லை. வெள்ளமோ ஆழிப்பேரலையோ வரும்போது, எங்கே போவது என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த அதிகாரி உயிர்காப்பான். ஆனால் நீர்கொழும்புக் கரையில் நின்ற மீனவப் பெண்ணுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? அவள் காற்றில் கத்திய சில வார்த்தைகளை வெட்டிப் பத்து விநாடிக்குள் அடக்குவார்கள்; பிறகு குளிரூட்டிய அறையிலிருந்து தலைவர் பேசுவார்.

ஒன்றை மறைப்பதற்கில்லை. சென்ற ஆண்டு உயர் அதிகாரி ஒருவர் கமராக்களோடு பாடசாலைக்கு வருவதாயிருந்தது. கோடையில் எமது கிணற்றுநீர் உப்பாகிவிடும். அதைப்பற்றி எவராவது கேட்டால் புதிய கட்டடத்தைப்பற்றிப் பேசும்படி ஒரு சிறுமியைப் பழக்கினோம். கேட்டார்கள். அவள் கட்டடத்தைப்பற்றி அழகாகப் பேசினாள், கைதட்டல் எழுந்தது. பழக்கியவர் நாமே. பையனின் கேள்விக்கு விடை சொல்லுமுன் இதை வகுப்பிலே சொல்ல வேண்டியிருந்தது, சொன்னோம். முன்வரிசையிலிருந்த அச்சிறுமி எழுந்து, “அப்ப இனிக் கேட்டா என்ன சொல்லுறது, சேர்?” என்றாள்.

உப்பு என்று சொல் என்றோம்.