வெள்ளிப் பூண்

ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் 'மஞ்சள் முகம்' என்ற கதைக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. 1893-ல் வெளிவந்த அந்தக் கதையில் ஹோம்ஸ் தோற்றுப் போகிறார். துப்பறிகிறவரே தோற்றுவிட்டால் பிறகு அதைப் படிப்பானேன் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்த வரிசையில் மறுபடியும் மறுபடியும் எடுத்துப் படிக்கத் தோன்றும் கதை அதுதான். காரணம், அதன் தொடக்கத்தில் வரும் ஒரு பழைய பைப்.

ஹோம்ஸும் வாட்ஸனும் உலாவப் போயிருந்த சமயம் ஒருவர் தேடி வருகிறார். காத்திருந்து பார்த்துவிட்டு, பொறுமை இழந்து போய்விடுகிறார். போகிற அவசரத்தில் தம் பைப்பை மேஜை மேல் மறந்து விட்டுவிடுகிறார். ஹோம்ஸ் அதைக் கையில் எடுத்து, ஜோசியர் ஜாதகம் பார்ப்பது போலப் பார்க்கிறார். வாங்கியபோது ஏழரை ஷில்லிங் இருக்கலாம். இரண்டு முறை பழுது பார்த்திருக்கிறார்கள். மரத்தண்டில் ஒரு தடவை, வாயில் வைக்கும் ஆம்பர் துண்டில் ஒரு தடவை. இரண்டு இடத்திலும் வெள்ளிப் பூண். பைப்பின் விலையைவிடப் பூணின் விலை அதிகம். அந்தப் பணத்துக்குப் புதிதாகவே வாங்கியிருக்கலாம். வாங்காமல் பழையதற்கே பூண் போட்டிருக்கிறார் என்றால், அதன் மேல் அவருக்கு எவ்வளவு பற்று இருக்க வேண்டும்! வலப்பக்கம் கருகியிருப்பதால், விளக்குச் சுடரில் பற்ற வைக்கும் இடக்கைக்காரர். ஆம்பரைக் கடித்தே பள்ளமாக்கியிருப்பதால் பல் உறுதி, உடம்பும் உறுதி.

நம் அகராதிகளில் சுங்கான் என்று சொல்லியிருக்கும் இந்தச் சாமானைப் பழையதாக வாங்கி, வீட்டிலேயே பழுது பார்த்துப் புதுப்பிப்பது இன்று பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. புகையிலையின் கெடுதல் எல்லாருக்கும் தெரிந்த காலம் இது. நான் புகைப்பவன் அல்ல. ஆனாலும் அந்த வேலையில் கை வைத்திருக்கிறேன். நேர்த்தியான வேலை. பிரையர் பைப்பின் மரம் மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முண்டு, எளிதில் தீப்பற்றாது. பிரான்ஸில் ஜூரா மலைப்பக்கத்து ஸான்-க்ளோத் என்ற ஊர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்தத் தொழிலால்தான் பெயர் பெற்றது.

கிண்ணத்துக்குள் கரி ஏடு ஏடாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் முழுவதும் எடுத்துவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கரி இருந்தால் அது மரத்துக்குக் காப்பு. தடித்துப் போனால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். பிறகு கல்லுப்பை நிரப்பி, சுத்தமான சாராயத்தை விட்டு ஓர் இரவு வைத்தால், காலையில் உப்பு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். பழைய நாற்றத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வாயில் வைக்கும் எபனைட் துண்டு, பழைய எபனைட் பேனாவைப் போலவே, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பச்சையும் பழுப்புமாகியிருக்கும். நைஸான உப்புக் காகிதத்தை நனைத்துத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். மரத்தில் அடிபட்டு அமுங்கிய இடத்தில் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், ஆவியில் மரம் உப்பி எழுந்து வரும். கடைசியில் பிரேஸில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு.

இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. இதற்கு மேல் போகிறவர்களிடந்தான் எனக்குச் சண்டை. விளிம்பு கருகியிருக்கிறதா, உப்புக் காகிதத்தில் கவிழ்த்துத் தேய், கருகல் போகும் வரை தேய் என்கிறார்கள். கருகல் போகிறது, கிண்ணத்தின் உயரமும் போகிறது. பல் பதிந்த பள்ளங்களைக் கரிப்பொடி கலந்த பசையால் அடைக்கிறார்கள். பளபளப்புக்காகத் தேய்த்துத் தேய்த்துத் தண்டில் பொறித்த முத்திரையை மழுக்குகிறார்கள். டன்ஹில் பைப்புகளில் செய்த வருஷத்தைக் காட்டும் சிறு எண் ஒன்று இருக்கும்; அது போனால் அந்தப் பைப்புக்கு வயசும் போயிற்று. பிறகு சாயம் பூசிப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம் என்று மகிழ்கிறார்கள்.

கதையில் வருகிற பைப் இவர்கள் கையில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலப்பக்கத்துக் கருகலும் பல் தடமும் மறைந்திருக்கும். வெள்ளிப் பூண் இருந்த இடத்தில் ஒட்டுத் தெரியாத ஒட்டு இருக்கும். ஹோம்ஸ் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்திருப்பார்.

இதோடு நின்றிருந்தால் சாமர்த்தியமான இரண்டு பக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மீதிக் கதையையும் பாருங்கள். பைப்புக்குச் சொந்தக்காரரான கிராண்ட் மன்ரோவின் மனைவி எஃபி ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறாள். அமெரிக்காவில் அட்லாண்டாவில் அவளுடைய முதல் கணவர் ஒரு நீக்ரோ வக்கீல். அவர் இறந்த பிறகும் அவர்களுடைய பெண் குழந்தை உயிரோடிருக்கிறது. அந்தக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் ரகசியமாக வைத்து, நிறம் வெளியே தெரியாதபடி முகமூடியும் கையுறையும் போட்டிருக்கிறாள். மஞ்சள் முகம் என்பது அந்த முகமூடிதான். முதல் கணவன் சாகவில்லை, அவன்தான் மிரட்டுகிறான் என்று ஹோம்ஸ் ஊகிக்கிறார், ஊகம் பொய்யாகிறது. முகமூடி கழன்றதும் மன்ரோ நீண்ட நேரம் மௌனமாக நிற்கிறார். பிறகு குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, மனைவியிடம் கையை நீட்டுகிறார்.

குழந்தையிடம் எந்தப் பழுதும் இல்லை. பழுது கணவன் மனைவிக்கிடையே விழுந்த அவநம்பிக்கையில் இருந்தது. எஃபி அதன் மேல் சாயம் பூசப் பார்த்தாள். மன்ரோ தமக்குத் தெரிந்த முறையில், எல்லாரும் பார்க்கப் பூண் போட்டார். இந்த மனிதர் உடைந்ததை எறியமாட்டார், உடைந்தது தெரிவதற்கு வெட்கப்படவும் மாட்டார் என்ற சேதி முதல் பக்கத்திலேயே ஹோம்ஸ் கையில் இருந்தது. பற்று என்பது வரை சொன்னார். கையையும் பல்லையும் படித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை. கதை தோற்றது என்கிறவர்களும் அந்தப் பைப்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாத்தாவின் பைப்போ, பேனாவோ, வெற்றிலைப் பெட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால் அழுக்கைத் தாராளமாக எடுங்கள். பல் பதிந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்களுடையது அல்ல.