மூன்று நிமிடக் காந்தப் படம்

மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் காந்த ஒத்திசைவுப் படப்பிடிப்பை 17 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைக்கலாம் என்று 2014-இல் ஜெர்மனியின் கூல் குழுவினர் அறிவித்தனர். இதன் இயற்பியல் எளியது. கடோலினிய மருந்தைச் சிரையில் செலுத்தியதும், கசியும் குழாய்களையுடைய கட்டி முதல் ஓரிரு நிமிடங்களிலேயே பளிச்சிடும்; மருந்துக்கு முன் எடுத்த படத்தைப் பின் எடுத்ததிலிருந்து கழித்தால் அது தனித்துத் தெரியும்.

606 சோதனைகளில் 11 புற்றுகளும் அகப்பட்டன. ஆனால் வாசகரே, பதினொன்று மிகச் சிறிய எண்! ஒன்று தப்பியிருந்தால் நூறு சதவீதம் தொண்ணூற்றொன்றாகியிருக்கும். அடர்ந்த மார்பகத் திசுவுடைய 1,444 பெண்களிடம் நடந்து, 2020-இல் வெளியான ஆய்வையே நான் நம்புவேன். புற்றிருந்த 23 பேரில் சுருக்கப் படம் 22 பேரையும், முப்பரிமாண ஊடுகதிர்ப் படம் 9 பேரையும் காட்டின. எனினும் சுருக்கப் படத்தால் திசுச் சோதனைக்குச் சென்ற ஐவரில் ஏறத்தாழ ஒருவருக்கே புற்று இருந்தது.