ட்ரைமனின் கைநூலும் எங்கட உகாய் மரமும்

எங்கட சஞ்சிகைகளில் ‘முஸ்லிம் விஞ்ஞானிகள்’ என்று ஒரு கட்டுரை வந்தால் அதில் இப்னுல் பைத்தார் கட்டாயம் இருப்பார். அந்தலூசியாவில் பிறந்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைப் பற்றி எழுதினார், 1248இல் டமஸ்கஸில் வபாத்தானார். மூன்று வரியில் கதை முடிந்துவிடும். அவர் எப்படி எழுதினார் என்று கேட்டால் கட்டுரையாளருக்கே தெரியாது. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் எங்கட நாட்டுக்கு வந்து, இந்த மண்ணின் செடிகொடிகளை எழுதியே உயிரை விட்ட இன்னொரு வைத்தியரைப் பார்ப்போம்.

ஹென்றி ட்ரைமன் 1843இல் லண்டனில் பிறந்தவர். 1865இல் வைத்தியப் பட்டம் பெற்றார். மறுவருஷம் லண்டனில் கொலரா பரவியபோது அங்கே வைத்தியராக வேலை செய்தார். ஆனால் மனம் செடியில்தான். 1869இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியல் பிரிவில் சேர்ந்தார். றொபேட் பென்ட்லியோடு சேர்ந்து ‘மருத்துவத் தாவரங்கள்’ என்ற நான்கு தொகுதி நூலை 1880இல் முடித்தார். அதே ஆண்டு பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இங்கே வந்து, 1896இல் மரணிக்கும்வரை இந்த நாட்டிலேயே இருந்தார். கடைசிக் காலத்தில் காது கேட்கவில்லை, கால்கள் வலுவிழந்தன. அந்த நிலையிலும் இலங்கைத் தாவரக் கைநூலின் முதல் மூன்று தொகுதிகளை 1893, 1894, 1895 என்று வருஷத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தார். மிச்சத்தை ஜோசப் ஹூக்கர் 1900இல் முடித்துக் கொடுத்தார்.

ஒரு விஞ்ஞான நூலை இலக்கிய விமர்சனத்துக்கு எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உரைநடை எதுவானாலும் எடுக்கலாம் என்பது என் எண்ணம். ட்ரைமனின் நடை சிக்கனமான நடை. இலை, பூ, காய், விளையும் இடம், பூக்கும் மாதம், பூவின் நிறம். ஒரு சொல் மிச்சமில்லை. வியப்பும் இல்லை, வர்ணனையும் இல்லை. தமிழில் ஒரு பூவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பத்து அடைமொழி போடுகிற எங்களுக்கு இந்த ஒழுக்கம் நல்ல பாடம். எனக்கு முன்பு தத்வெய்ட்ஸ் எழுதியது இலத்தீனில். ஆங்கிலம் வாசிக்கிற எவரும் பயன்படுத்தக்கூடிய நூல் இதுதான் என்று ட்ரைமன் மார் தட்டியிருக்கலாம். அவர் அதற்குப் போகிற ஆளில்லை என்பது நடையிலேயே தெரிகிறது.

ஆனால் வாசித்துக்கொண்டு போகும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தப் பக்கங்களில் வைத்தியரைக் காணவில்லை. மருத்துவத் தாவரங்களுக்கென்று நான்கு தொகுதி எழுதிய மனிதர், இங்கே மருந்துப் பயனைப் பெரும்பாலும் ஓரிரு வரியோடு விட்டுவிடுகிறார். இது தாவரத்தை இனங்காண்பதற்கான நூல், மருந்து நூல் அல்ல என்பது சரியான பதில்தான். என்றாலும் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதியவரிடம் ஊரார் அதை எதற்குப் பாவித்தார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி இல்லை.

அந்த ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். சிங்களப் பெயர் என்றால் பக்கத்தில் ‘எஸ்’, தமிழ்ப் பெயர் என்றால் ‘ரீ’. பாலை, கருங்காலி, முதிரை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்குள் போன தமிழ்ச் சொல்லைத் திரும்பத் தமிழாக வாசிப்பது சங்கடமான வேலை. லகரமா, ளகரமா, ழகரமா என்று அந்தப் பெயரை வாயால் சொல்லுகிற ஒருவரைக் கேட்டால்தான் தெரியும். அந்த ஒற்றை ‘ரீ’க்குள் யாழ்ப்பாணத்தாரும் இருக்கலாம், மன்னாராரும் இருக்கலாம், காடு வெட்டி வயல் செய்த எங்கட ஆட்களும் இருக்கலாம். (1888இல் இராமநாதன் கிளப்பிய சர்ச்சையை நான் இதற்குள் இழுக்கவில்லை. அது வேறு வழக்கு.) பெயர் நிற்கிறது. சொன்னவர் யார், எந்த ஊர் என்பதற்கு அந்தப் பதிவில் இடமில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மிஸ்வாக் குச்சி எந்த மரத்துடையது என்று உயர்தர வகுப்பில் கேட்டேன். “பாக்கிஸ்தான் மரம் சேர்” என்றான் ஒரு மாணவன். பிழை அவனிடமில்லை, அவன் கண்டதெல்லாம் கடையில் தொங்குகிற பொதிதான். அறபியில் அராக் எனப்படும் அந்த மரம், சல்வடோரா பெர்சிகா, இலங்கையின் வறண்ட கரையோரங்களில் தானாக வளர்வது. ட்ரைமனின் நூலிலும் இருக்கிறது. தமிழில் அதற்கு உகாய் என்று பெயர். உவாய் என்றும் சொல்வார்கள். குறுந்தொகையில் பாலைநில மரமாக வருகிற அதே உகாய். சங்க இலக்கியம் படிப்பிக்கிற ஆசிரியர் ‘ஒருவகை மரம்’ என்று பொருள் சொல்லிவிட்டுப் போகிறார். சுன்னத்தைப் படிப்பிக்கிற மௌலவி குச்சியைக் காட்டுகிறார். இரண்டும் ஒரே மரம் என்று பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை.

இப்போது இப்னுல் பைத்தார். அவருடைய ‘அல்ஜாமிஉ’ அகர வரிசையில் அமைந்த நூல். ஒரு செடியை எடுத்தால் டயஸ்கொரிடிஸ் சொன்னது இது, கலேன் சொன்னது இது, பிறகு வந்தவர் சொன்னது இது என்று ஒவ்வொரு கூற்றையும் சொன்னவரின் பெயரோடு தருகிறார். கிரேக்கம், பாரசீகம், பர்பர், அந்தலூசியப் பேச்சுமொழி என்று பெயர்களைச் சேர்க்கிறார். முன்னோர் பிழைவிட்டிருந்தால் அதையும் சொல்கிறார். அவருடைய மாணவர் இப்னு அபீ உஸைபிஆ, டமஸ்கஸின் புறநகரில் அவரோடு செடி பார்க்கப் போனதை எழுதிவைத்திருக்கிறார். வயலில் நின்றபடியே, இந்த மருந்து டயஸ்கொரிடிஸின் எந்தப் பாகத்தில் எத்தனையாவது என்று ஆசிரியர் சொல்வாராம். அஸ்மாஉர் ரிஜால் கலையோடு வளர்ந்த ஒரு சமூகத்தின் பழக்கம் செடிக்குள்ளும் வந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. செடியை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டுவதில் ட்ரைமன் எட்டிய நுணுக்கம் இவரிடம் இல்லை. சொன்னவனுக்குரிய இடத்தைக் கொடுப்பதில் ட்ரைமன் இவருக்குக் கிட்ட வர ஏலாது.

ட்ரைமனைக் குறை சொல்லிவிட்டுக் கையைக் கழுவவும் முடியாது. 1885இல் அவர் ஊர்ப் பெயர்களோடு இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். அதே 1885இல்தான் கண்டியிலிருந்த சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ வந்தது. அவருடைய ‘முஸ்லிம் நேசன்’ அப்போது மூன்றாவது வருஷத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்டிக்கும் பேராதனைக்கும் நாலு மைல். ஆங்கிலக் கல்வி, அறபு, பெண் கல்வி என்று அந்த மனிதர் ஒண்டியாக எத்தனையைத்தான் சுமப்பார்? அவரை விட்டுவிடலாம். அவருக்குப் பின் வந்த நூற்றிச்சொச்சம் வருஷத்தில் கிழக்கின் முஸ்லிம் ஊர்களைப் பற்றி எத்தனை ‘வரலாறும் வாழ்வியலும்’ வந்துவிட்டன! வாசித்துப் பாருங்கள். பள்ளிவாசல் நிருவாகிகளின் பட்டியல் இருக்கும், பட்டதாரிகளின் பட்டியல் இருக்கும். பரிசாரிமார் என்று ஓர் அத்தியாயம் இருந்தால் அதில் பெயரும் கைராசியும்தான் இருக்கும். அவர் எந்த இலையை எந்த நோய்க்கு எப்படிக் கொடுத்தார் என்பது இருக்காது.

என் மூத்தவாப்பாவிடம் மருந்துக் குறிப்பு எழுதின கொப்பி ஒன்று இருந்தது. அரைவாசி தமிழ், அரைவாசி அறபுத்தமிழ். 2004 டிசம்பர் 26இல் அது கடலோடு போய்விட்டது. அதற்கு முதல் இருபது வருஷம் அது அலுமாரிக்கு மேலேதான் கிடந்தது, ஒருவரும் பிரதி எடுக்கவில்லை. ஆனால் கடற்கரையிலிருந்து தள்ளி, வயல் பக்கம் இருக்கிற வீடுகளில் இப்படியான கொப்பிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் வருகிற செடிப் பெயர்களை ட்ரைமனின் ‘ரீ’ பெயர்களோடு ஒப்பிட்டு, சொன்னவர் பெயரையும் ஊரையும் பக்கத்தில் எழுதி இந்த இதழிலேயே தொடராகப் போடலாம். உகாயை நானே எழுதித் தருகிறேன்.